ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தை: எடை, வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கதவுக்கு வெளியே காத்திருக்கும் அம்மாக்களும், ஊரிலிருந்து தூக்குவாளியோடு வரும் பாட்டிகளும், போனில் கூப்பிடும் அப்பாக்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். ரவுண்ட்ஸ் நடக்கும் நேரத்தில் நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இதில் வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு பால், எந்த மருந்து என்பதை அதைத் தினமும் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிஸ்டர், பாப்பா 1,240 கிராம். சீட்டுல "மிகக் குறைந்த எடை"ன்னு எழுதியிருக்காங்களே, அப்படின்னா என்ன?

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, 1,500க்குக் கீழே மிகக் குறைந்த எடை, 1,000க்குக் கீழே மிக மிகக் குறைந்த எடை. குழந்தைக்கு என்னென்ன கவனிப்பு தேவைப்படும் என்று நாங்கள் தயாராவதற்கான பிரிவுகள் இவை. குழந்தை பிழைக்குமா, எப்படி வரும் என்பதற்கான தீர்ப்பு இல்லை.

எடையோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தது? 37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 30 வாரத்தில் பிறந்த குழந்தை 1,240 கிராம் இருந்தால் அது வயிற்றுக்குள் அதன் வாரத்துக்கு ஏற்றபடி வளர்ந்துகொண்டிருந்த குழந்தை, சீக்கிரம் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். அதே 1,240 கிராம் குழந்தை 35 வாரத்தில் பிறந்திருந்தால் கதை வேறு; அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு, நஞ்சுக்கொடியில் கோளாறு என்று ஏதோ ஒரு காரணத்தால் உள்ளேயே அதற்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை. இரண்டும் ஒரே எடைதான், ஆனால் பின்னால் வளரும் விதம் ஒன்றாக இருக்காது. இதைக் கடைசிக் கேள்வியில் மறுபடி பார்க்கலாம்.

பிறந்தப்ப 1,240 இருந்துச்சு, அஞ்சு நாள்ல 1,090 ஆயிடுச்சு. பால் குடுக்கறீங்களா இல்லையா?

கோபம் நியாயம்தான், ஆனால் இந்த இறக்கம் எதிர்பார்த்தது. குறைமாதக் குழந்தையின் உடம்பில் தண்ணீரின் பங்கு மிக அதிகம், பிறந்ததும் அந்த அதிகப்படித் தண்ணீர் சிறுநீராகவும் மெல்லிய தோல் வழியாகவும் வெளியேறும். நிறைமாதக் குழந்தையே 5 முதல் 10 சதவீதம் வரை எடை இறங்கும். இவ்வளவு சின்னக் குழந்தை 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கலாம். 1,240இலிருந்து 1,090 என்பது சுமார் 12 சதவீதம். அந்தத் தண்ணீர் வெளியேறாமல் தங்கினால்தான் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கஷ்டம்.

பிறந்த எடையை மறுபடி தொடுவதற்குப் பெரும்பாலும் 10 நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும், மூச்சுத் திணறல், தொற்று என்று படுத்திருந்த குழந்தைக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். அதனால் முதல் இரண்டு வாரத்து எண்களை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 15 சதவீதத்தைத் தாண்டி இறங்கினால் நாங்களே கவலைப்பட ஆரம்பித்துவிடுவோம்.

சரி, அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஏறணும்?

பிறந்த எடையைத் தொட்ட பிறகு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 15 முதல் 20 கிராம் என்பது எங்கள் கணக்கு. குழந்தை 1.2 கிலோ இருந்தால் ஒரு நாளைக்கு 18 முதல் 24 கிராம். இரண்டு கிலோவைத் தாண்டிய பிறகு கிலோ கணக்கை விட்டுவிட்டு, நாளைக்கு 20 முதல் 30 கிராம் என்று பார்ப்போம். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்றால், வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த வாரங்களில் குழந்தை ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் வளர்ந்திருக்கும்.

இதில் நாங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பிறக்கும்போது 1,000 கிராமுக்குள் இருந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து அமெரிக்காவில் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருத்துவமனையில் இருந்தபோது கிலோவுக்கு நாளொன்றுக்கு 12 கிராம் என்று மெதுவாக ஏறிய குழந்தைகளில் 21 சதவீதம் பேருக்குப் பின்னால் மூளை முடக்குவாதம் இருந்தது, 21 கிராம் வேகத்தில் ஏறியவர்களில் அது 6 சதவீதம். நோய் அதிகமாக இருந்த குழந்தைகள் மெதுவாக ஏறியிருக்கும் என்பதும் இதில் கலந்திருக்கிறது, அதனால் எடை ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூளை மிக வேகமாக வளரும் வாரங்கள் இவை, அப்போது சாப்பாடு குறையக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை.

நேத்து 30 கிராம் ஏறுச்சு, இன்னைக்கு 10 இறங்கிடுச்சு. ஒரே நாள்ல என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகியிருக்காது. எடை போடுவதற்கு முன் மலம் போயிருக்கும், நேற்று கையில் டிரிப் கட்டை இருந்திருக்கும் இன்று கழற்றியிருப்போம், அல்லது பால் கொடுத்த உடனே போட்டிருப்போம். இவ்வளவு சின்ன உடம்பில் ஒரு ஈர டயப்பரே பெரிய வித்தியாசம். அதனால்தான் ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், துணியில்லாமல் போடுகிறோம்.

ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், ஏழு நாளைக் கூட்டிப் பாருங்கள். வாரக் கடைசியில் கோடு மேலே போகிறதா என்பதுதான் விஷயம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி எடை போட்டா குழந்தை இளைச்சுப் போயிடும்னு மாமியார் சொல்றாங்க.

எடை போடுவதால் இளைக்காது. ஆனால் ஃபேனுக்குக் கீழே துணியை அவிழ்த்து ஐந்து நிமிடம் வைத்தால் குளிர்ந்துபோகும், குளிர்ந்தால் உடம்பைச் சூடாக்கவே பால் செலவாகும். அந்த அளவில் மாமியார் சொல்வதைக் கேட்டு, ஃபேனை அணைத்து, துணியை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு சட்டென்று போட்டு முடியுங்கள். வீட்டுக்குப் போன பிறகு தினமும் தேவையில்லை, வாரம் ஒரு முறை போதும்.

பக்கத்து பெட் குழந்தையும் இதே எடைதான், அது 1,800 ஆயிடுச்சு. எங்களுது ஏன் ஆகல?

முதல் கேள்விக்குச் சொன்னதுதான்: அது எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை நாள் மூச்சுக் கருவியில் இருந்தது, எப்போது முழுப் பாலுக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. எங்களாலும் அடுத்தவர் குழந்தையைப் பற்றி உங்களிடம் சொல்ல முடியாது. உங்கள் குழந்தையின் சார்ட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

டியூப்ல எதுக்கு? வாயில குடுத்தா நல்லாக் குடிச்சு சீக்கிரம் ஏறாதா?

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் செய்யும் திறமை கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரத்தில்தான் வர ஆரம்பிக்கிறது. அதற்கு முன் வாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகலாம், இல்லாவிட்டால் குடிக்கிற களைப்பிலேயே பாதிச் சக்தி போய்விடும். அதனால் முதலில் டியூப், அப்புறம் சங்கு, அப்புறம் மார்பு. டியூபில் பால் போகும்போதே குழந்தையைக் காலியான மார்பில் சப்ப விடலாம், பழகிக்கொள்ளும்; உங்களுக்கும் பால் ஊறும்.

பாலின் அளவையும் ஒரே நாளில் ஏற்ற முடியாது. முதல் நாட்களில் குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு எல்லாம் டிரிப்பில் போகும், பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக்கூட டிரிப் குறையும். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 30 மில்லி வரை கூட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. கடைசியில் கிலோவுக்கு 150 முதல் 180 மில்லி வரை வரும்: 1.2 கிலோ குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 18 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பத்துச் சொட்டுதான் வருது. அது எந்த மூலைக்கு?

அந்தப் பத்துச் சொட்டைக் கொண்டு வந்து கொடுங்கள், தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். சீம்பாலை வாய்க்குள் கன்னத்தில் தடவினாலே குழந்தைக்கு அது மருந்து மாதிரி. குறைமாதத்தில் பெற்ற அம்மாவின் பாலில் முதல் வாரங்களில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் கூடுதலாக இருக்கும்.

பால் ஊறுவது எடுப்பதைப் பொறுத்தது. பிறந்த சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, ராத்திரியில் ஒரு முறையாவது கையால் பீச்சி எடுக்க வேண்டும். "நைட்டு தூங்கட்டும், பாவம்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பால் குறைய ஆரம்பிக்கிறது. எடுத்த பாலை வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயில் காலத்தில் அவ்வளவு நேரமும் வேண்டாம், ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவிலேயே முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2014இல் வரத் தொடங்கியது. தானம் கொடுக்கும் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கித்தான் கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டு அக்காவிடம் வாங்கி நேராகக் கொடுப்பது இதற்குச் சமமாகாது.

பவுடர் பால் குடுத்தா சீக்கிரம் எடை ஏறும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. உண்மையா?

ஏறும். இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. தானப் பாலையும் பவுடர் பாலையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பவுடர் குடித்த குழந்தைகளுக்கு எடை கொஞ்சம் வேகமாகவே ஏறியது. ஆனால் நெக் என்று நாங்கள் பயப்படும் குடல் நோய், அதாவது குடல் சுவர் வீங்கி அழுகி, சில நேரம் ஓட்டை விழுந்து ஆபரேஷன் வரை போகும் நோய், அந்தக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, ஒரே நாளில் நிலைமை தலைகீழாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நூறு கிராம் கூடுதல் எடை பெரிதாகத் தெரியாது.

அம்மா பால் முதலில், தானப் பால் அடுத்து, இரண்டும் கிடைக்காவிட்டால் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே இருக்கும் பவுடர், அதுவும் டாக்டர் எழுதினால் மட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சாதாரண டப்பா வேண்டாம். பாட்டில் வேண்டவே வேண்டாம்.

தாய்ப்பாலே போதும்னு நீங்களே சொல்லிட்டு, அதுல ஏதோ பாக்கெட்டைப் பிரிச்சுக் கலக்கறீங்களே?

அது பாலைச் செறிவூட்டும் பொடி. தாய்ப்பால் நிறைமாதக் குழந்தைக்கு முழு உணவு. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் கால்சியம், பாஸ்பரஸில் பெரும்பகுதி குழந்தையின் எலும்புக்குப் போய்ச் சேர்கிறது, உங்கள் குழந்தைக்கு அந்த மூன்று மாதம் கிடைக்கவே இல்லை. 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 65 கலோரியும் ஒரு கிராமுக்குச் சற்று மேல் புரதமும் இருக்கும். கிலோவுக்கு 180 மில்லி கொடுத்தால் கலோரி ஓரளவு வந்துவிடும், புரதம் இரண்டு கிராம் அளவில் நின்றுவிடும், தேவையோ கிலோவுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம். அந்த இடைவெளியைத்தான் பொடி நிரப்புகிறது.

புரதம் போதாமல் போனால் எடை ஏறினாலும் நீளமும் தலையும் பின்தங்கும். கால்சியம், பாஸ்பரஸ் போதாமல் போனால் எலும்பு மெலிந்து, தூக்கும்போதே விலா எலும்பு முறிந்த குழந்தைகள் உண்டு. பால் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டிய பிறகு பொடியை ஆரம்பிப்போம், எப்போது நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருவோம். எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படாது, விலையும் அதிகம். வீட்டுக்குப் போன பிறகு மார்பில் நன்றாகக் குடித்து எடை ஏறிக்கொண்டிருந்தால் பொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கங்காரு மாதிரி நெஞ்சுல வெச்சா எடை ஏறுமா, இல்ல சும்மா பாசத்துக்கா?

எடையும் ஏறும், உயிரும் காக்கும். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாத நிலையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் 1978இல் ஆரம்பித்த முறை இது. அம்மா நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடக்கும் குழந்தைக்குச் சூட்டுக்காகச் சக்தியைச் செலவழிக்க வேண்டியதில்லை, ஆழ்ந்து தூங்கும், மூச்சு சீராகும், குடிக்கிற பால் வளர்ச்சிக்குப் போகும். அம்மாவுக்குப் பாலும் கூடும்.

இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதை ஆரம்பித்துப் பார்த்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் இருந்தது. 2021இல் முடிவு வந்தது: முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று பரிந்துரைத்துவிட்டது. அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பலன் கம்மி. அம்மா ஆபரேஷன் வலியில் இருந்தால் அப்பா வைக்கலாம், பாட்டி வைக்கலாம், அத்தை வைக்கலாம். அப்பாக்கள் ரொம்பவே நன்றாகச் செய்கிறார்கள், கொஞ்சம் கூச்சத்தை விட்டால் போதும்.

சொட்டு மருந்து ரெண்டு மூணு தந்திருக்காங்க. எடை ஏறினதும் நிறுத்திடலாமா?

நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்தும் கடைசி மூன்று மாதத்தில் சேர வேண்டியது, அதுவும் கிடைக்கவில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வார வயதில் ஆரம்பித்து, கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் என்று மாதக்கணக்கில் போகும். எடை ஏற ஏற டோஸையும் ஏற்ற வேண்டும், பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். விட்டமின் டி தினமும் 400 யூனிட் என்பது பொதுவான அளவு.

எப்போ வீட்டுக்கு விடுவீங்க? ரெண்டு கிலோ ஆகணுமா?

மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும், பல இடங்களில் 1,600 முதல் 1,800 கிராமிலேயே விடுகிறார்கள். எண்ணைவிட நாங்கள் பார்ப்பது வேறு: தொடர்ந்து சில நாட்கள் எடை ஏறியிருக்கிறதா, டியூப் இல்லாமல் முழுப் பாலும் குடிக்கிறதா, வார்மர் இல்லாமல் சூடு நிற்கிறதா, மூச்சு நின்று போகும் பிரச்சினை ஓய்ந்துவிட்டதா. அம்மாவுக்குத் தனியாகச் சமாளிக்கும் தைரியம் வந்துவிட்டதா என்பதையும் பார்க்கிறோம்.

அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் கழுத்து நிக்கல, எடையும் மூணரைக் கிலோதான். பயமா இருக்கு.

முதலில் திருத்திய வயதைப் போடுவோம். 40இலிருந்து பிறந்த வாரத்தைக் கழியுங்கள், வருவதைக் குழந்தையின் வயதிலிருந்து கழியுங்கள். 30 வாரத்தில் பிறந்திருந்தால் 10 வாரம் கழிய வேண்டும், அப்படிப் பார்த்தால் ஐந்து மாதக் குழந்தைக்கு உண்மையில் மூன்று மாதத்துக்கும் குறைவு. அந்த வயதுக்குக் கழுத்து இன்னும் ஆடிக்கொண்டிருக்கலாம். ஆனால் மூன்றரைக் கிலோ என்பது திருத்திய வயதுக்கும் குறைவுதான், அதனால் தள்ளிப் போடாமல் காட்டுங்கள். இரண்டு வயது வரை எடை, நீளம், தலைச் சுற்றளவு, தவழ்வது, நடப்பது எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான்.

தடுப்பூசிக்கு மட்டும் திருத்திய வயது கிடையாது. 6, 10, 14 வாரம் என்பது பிறந்த தேதியிலிருந்து. "இன்னும் சின்னதா இருக்கே" என்று ஊசியைத் தள்ளிப் போடுவது இந்தக் குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து. சார்ட் விஷயம்: தொடக்கத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கான ஃபென்டன் சார்ட்டோ இன்டர்குரோத் சார்ட்டோ பயன்படுத்துவோம், அப்புறம் உலக சுகாதார நிறுவனத்தின் 2006 சார்ட்டில் திருத்திய வயதில் புள்ளி வைப்போம். அங்கன்வாடியில் பிறந்த தேதியை வைத்துப் புள்ளி வைத்து "சிவப்பில் இருக்கு" என்று சொன்னால், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

பால் நல்லாத்தான் குடிக்குது, ஆனா எடை நிக்குது. என்ன காரணமா இருக்கும்?

முதலில் சாதாரணக் காரணங்கள். பாலின் அளவு எடைக்கேற்பக் கூட்டப்படவில்லை, அல்லது மார்பில் அரைமணி நேரம் கிடந்தாலும் பாதி நேரம் தூங்குகிறது. பீச்சிய பாலில் முன்பகுதி மட்டும் போகிறது. கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். அல்லது குழந்தை குளிர்ந்து கிடக்கிறது: பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் அது எடை ஏற வேண்டிய சக்தியைச் சூட்டுக்குச் செலவழிக்கிறது. தொப்பி, காலுறை, கங்காரு முறை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வாரக் கோடு ஏறவில்லை என்றால் டாக்டர் தேடுவது: ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மூச்சுக்கே அதிகம் உழைக்கும் நுரையீரல், மூடாத இதயக் குழாய், தைராய்டு குறைவு. தைராய்டு முதல் பரிசோதனையில் சரியாக இருந்து பிறகு குறையலாம், அதனால் இரண்டாவது முறை எடுப்பதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். எடை நிற்பதோடு சோர்வு, பால் மறுப்பது, வயிறு உப்புவது, மூச்சு வாங்குவது, உடம்பு சில்லிடுவது என்று எது சேர்ந்தாலும் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள்.

எடை ஏறினாப் போதாதா? தலையை ஏன் வாராவாரம் டேப் வெச்சு அளக்கறீங்க?

எடை ஏறுவது கொழுப்பாகவும் இருக்கலாம், நீர்க் கோர்வையாகவும் இருக்கலாம். நீளம்தான் தசையும் எலும்பும் வளர்வதைச் சொல்லும், தலைச் சுற்றளவு மூளையைச் சொல்லும். வாரத்துக்கு நீளம் சுமார் 1 செ.மீ., தலை அரை முதல் 1 செ.மீ. என்பது நல்ல வேகம். தலை வளராமல் நின்றால் ஒரு கவலை, வாரத்துக்கு ஒன்றேகால் செ.மீ.க்கு மேல் ஓடினால் மண்டைக்குள் நீர் சேர்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். மூன்று எண்களையும் எழுதி வாங்குங்கள். எடையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினா சதை பிடிக்கும்னு சொல்றாங்களே? உரை மருந்து, வசம்பு எல்லாம்?

தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவுவதை உலக சுகாதார நிறுவனமே பரிசீலிக்கலாம் என்கிறது, எடைக்கும் அது உதவுவதாக ஆய்வுகள் உண்டு. தோல் முற்றிய பிறகு, எங்களைக் கேட்டுவிட்டு, கை வெதுவெதுப்பாக இருக்கும்போது தடவுங்கள். மூக்கை இழுப்பது, தலையை அமுக்கி உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். மெலிந்த எலும்பு பற்றி மேலே சொன்னேன்.

வாய் வழியாக எதுவும் வேண்டாம்: உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால். தேனில் இருக்கும் கிருமியால் கைக்குழந்தைக்கு உடம்பு தளர்ந்துபோகும் நோய் வரலாம். மற்றவை கிருமியைக் கொண்டு வரும், அந்தச் சின்ன வயிற்றில் பாலுக்கு இருக்கும் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பசும்பால் ஒரு வயது வரை கூடாது. சாம்பிராணிப் புகை இந்த நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. பாட்டிமார் அக்கறையில்தான் சொல்கிறார்கள். அந்த அக்கறையைக் கங்காரு முறைக்குத் திருப்பிவிடுங்கள், அவர்களே முதலில் முன்வருவார்கள்.

எடை நல்லா ஏறிடுச்சு. இனிமே கண் டாக்டர்கிட்ட எதுக்குப் போகணும்?

போயே ஆக வேண்டும். 34 வாரத்துக்குள் அல்லது 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகலாம். முதல் பரிசோதனை ஒரு மாதத்துக்குள், 28 வாரத்துக்குள் அல்லது 1,200 கிராமுக்குள் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. முதல் வாரங்களில் எடை மெதுவாக ஏறிய குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பது தெரிந்த விஷயம், அதனால் இப்போது எடை ஏறிவிட்டது என்பது கண்ணுக்குச் சான்றிதழ் ஆகாது. லேசர் போட வேண்டிய காலம் சில நாட்களில் கடந்துவிடும்.

நாலு மாசத்துலயே கூழ் குடுத்தா எடை ஏறாதா?

இதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று அரசு மருத்துவமனைகளில் 34 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளைப் பிரித்து, திருத்திய வயது 4 மாதத்தில் சிலருக்கும் 6 மாதத்தில் சிலருக்கும் இணை உணவு ஆரம்பித்தார்கள், 2017இல் முடிவு வெளியானது. ஒரு வயதில் எடையில் வித்தியாசம் இல்லை. சீக்கிரம் ஆரம்பித்த குழந்தைகள்தான் அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதனால் திருத்திய வயது 6 மாதம். ஆரம்பித்த பிறகு தண்ணீராகக் கஞ்சி ஊற்றாதீர்கள். கெட்டியாகக் குழைத்த பருப்பு சாதம், நெய், முட்டை, கேழ்வரகுக் கூழ், நேந்திரம்பழம் என்று ஒவ்வொரு வாயிலும் சத்து இருக்கட்டும்.

ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணு ஏறுது, ஒண்ணு ஏறல. ஏறாததுக்குப் பவுடர் போட்டுக்கலாமா?

இரண்டுக்கும் ஒரே வாரம், ஆனால் வயிற்றுக்குள் ஒன்றுக்குக் குறைவாகக் கிடைத்திருக்கலாம், அதனால் இரண்டு தனிச் சார்ட் போடுங்கள். சின்னதை முதலில் மார்பில் விட்டு, குடித்த பிறகு கடைசிப் பாலைப் பீச்சிச் சங்கில் கொடுத்துப் பாருங்கள். வலது இடது என்று நிரந்தரமாகப் பிரித்து வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் கோடு அசையவில்லை என்றால் மேலே சொன்ன காரணங்களைத் தேடாமல் பவுடருக்குத் தாவக் கூடாது.

சரி, எவ்வளவு சீக்கிரம் குண்டாக்கறோமோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. மருத்துவமனையில் இருக்கும் வாரங்களில் வேகம் வேண்டும், அதை மேலே விளக்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்து, தன் கோட்டைப் பிடித்துவிட்ட குழந்தையை மேலும் மேலும் ஊட்டி உப்ப வைத்தால் பின்னாளில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, உடல் பருமன் பக்கம் தள்ளுகிறோம். எடை மட்டும் தாவி, நீளம் பின்னால் நின்றால் அது நல்ல வளர்ச்சி இல்லை. போதும் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள்.

மத்த குழந்தைங்க மாதிரி ஆகிடுமா? எந்த வயசுல?

வாரத்துக்கு ஏற்ற எடையில் பிறந்தவர்கள் பெரும்பாலும் முதலில் தலை, அப்புறம் எடை, அப்புறம் உயரம் என்று இரண்டு மூன்று வயதுக்குள் எட்டிப் பிடிக்கிறார்கள். வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குறைந்து பிறந்தவர்களுக்குக் கூடுதல் காலம் ஆகும், நான்கு வயதுவரைகூட. அவர்களில் சுமார் பத்தில் ஒருவர் உயரம் குறைவாகவே நிற்கலாம். அப்படி நின்றால் குழந்தைகள் ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள், சிகிச்சை இருக்கிறது. அம்மா அப்பா உயரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வயதோடு வருவதை நிறுத்திவிடாதீர்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் காது, பேச்சு, நடை எல்லாம் பார்ப்பார்கள், மூன்று வயதிலிருந்து ரத்தக்கொதிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் வளர்ச்சிச் சார்ட்டையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, எந்த டாக்டரிடம் போனாலும் எத்தனை வாரத்தில், எத்தனை கிராமில் பிறந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.